அடியெடுத்துக் கொடுப்பவர்கள்

கெடாவில் குளிர்காய யாருக்கும் தீ தேவைப்படாது. ஜெராய் மலையடிவார ஓடைக்கரையில்கூட இரவு பத்து மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இந்த மாநிலத்தில் எங்காவது ஒரு திடலில் விறகு அடுக்கித் தீ மூட்டி, நாற்பது ஐம்பது பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். அனல் தாங்காமல் வட்டம் பின்னுக்கு நகர்ந்துகொண்டே போகிறது. மலாயில் இதற்கு ‘உங்குன் ஆப்பி’ என்று பெயர்; முகாமின் கடைசி இரவு என்றாலே அதுதான். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தீ மூட்டுவது எளிது. அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பையனைப் பாட வைப்பதுதான் பெரும்பாடு.

பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சுங்கைப் பட்டாணி. வழியில் மூடா ஆற்றைத் தாண்டும்போது பினாங்கு மாநிலம் முடிந்து கெடா தொடங்குகிறது. இருபுறமும் செம்பனை. பால்மரக் காடு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கண்ணில் படுகிறது. வடக்கே ஜெராய் 1,217 மீட்டர் உயரத்தில் தனியாக எழுந்து நிற்கிறது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் இந்த மலையைப் பார்த்துத்தான் கரையைக் கண்டுகொண்டார்கள். சுங்கைப் பட்டாணி நகர நடுவில் 1936இல் எழுப்பிய மணிக்கூண்டு இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக லிம் லியன் தெங் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. சம்பள நாளில் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் சாமான் வாங்க இறங்கி வந்த கடைத்தெரு இதுதான். இப்போது அந்த மக்களே இறங்கி வந்து, நகரைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டார்கள்.

இந்தப் பயணத்துக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஓர் ஆசிரியர். வாலிப வயதில் சாரணர் படையில் இருந்தவர். தமிழ்ப் பள்ளி, தேசியப் பள்ளி, கோயில் இளைஞர் பகுதி, குடியிருப்புச் சங்கம் என்று யார் முகாம் நடத்தினாலும் கடைசி இரவுக்கு இவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். குரல் சுமார்தான், சற்றுக் கரகரப்பு. அதைப் பற்றிக் கேட்டால், “நான் நல்லாப் பாடினா அதுங்க பாடாதுங்க, கேட்டுக்கிட்டு உக்காந்துரும்” என்கிறார். சாக்குப்போக்காகத் தோன்றும். இரவானதும்தான் அது தொழில் ரகசியம் என்று தெரிந்தது.

தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடுவதை ஒரு பயிற்சியாக உலகமெங்கும் கொண்டு சேர்த்தவர்கள் சாரணர்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களைக் கூட்டிச் சோதனை முகாம் ஒன்றை நடத்தினார். இரவில் தீயருகே அவர் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலப் பாட்டு இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களிடம் கேட்டு வந்த ஒரு முழக்கம். தலைவன் ஓர் அடி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதிலடி சொல்லும் முறை. 1919இல் லண்டனுக்கு வெளியே கில்வெல் பார்க்கில் சாரணத் தலைவர்களுக்குப் பயிற்சி நிலையம் அமைந்தபோது இந்த இரவுக் கூட்டமும் பயிற்சியோடு சேர்ந்துகொண்டது. மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளுக்குச் சாரணம் முன்பே வந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிகளின் வாசற்படியே எட்டாத காலம் அது.

அதே ஆண்டுகளில் கெடாவில் நடந்தது வேறு கதை. 1909இல் ஆங்கிலேயரும் சயாமும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு மாறியது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. காடு விழுந்தது, கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள். வந்தவர்கள் தங்களோடு கும்மியும் கோலாட்டமும் தெம்மாங்கும் ஒப்பாரியும் பஜனையும் கொண்டுவந்தார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்பு: ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். பேடன் பவல் ஜூலு மக்களிடம் கற்றுக்கொண்டு போனது இவர்கள் கப்பலேறும்போதே கையில் வைத்திருந்த சரக்கு. இரண்டும் ஒரே மண்ணில் சந்தித்துக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

பால்மரக் காட்டில் வேலையே பாட்டுக்கு இடம் கொடுத்தது. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டும். ஒருவருக்கு நானூறு ஐந்நூறு மரங்கள். பக்கத்து நிரையில் யார் இருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது, குரல்தான் துணை. அங்கே ஓர் அடி, இங்கே ஓர் அடி. செம்பனையில் இதற்கு வழியில்லை. நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிக் குலையை இழுத்து அறுக்கும் வேலை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், வாயைத் திறந்தால் தூசு விழும். அந்த வேலையில் இருப்பவர்களும் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும். அவர்கள் தங்கள் பாட்டைக் கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறார்கள்.

பீடோங்கைக் கடக்கும்போது ஆசிரியர் காரின் வேகத்தைக் குறைத்தார். ஹார்வர்ட் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான். போர் முடிந்த கையோடு ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது இங்கேதான். கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பிய இளைஞர் கூட்டம். மாலை நேரத்தில் கம்பு பிடித்து அணிவகுப்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பரவியபோது நிர்வாகமும் போலீசும் மிரண்டுபோய், 1947இல் மோதலும் கைதும் நடந்து, அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவசரகாலச் சட்டம் வந்தது. 1948 முதல் 1960 வரை இருட்டிய பிறகு வெளியே கூடுவதே சந்தேகத்துக்குரிய காரியம்; சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். அதற்கு முன்னே ஜப்பானியர் ஆட்சி. சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்துப் போனார்கள். 1943க்குப் பிறகு இந்தியச் சுதந்திர இயக்கத்தின் பால சேனை சிறுவர்களுக்கு அணிவகுப்பும் படைப்பாட்டும் சொல்லிக்கொடுத்தது. ஆக, கெடாவில் தமிழ் இளைஞர்கள் கூட்டமாகச் சேர்ந்து குரல் கொடுத்ததற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது ஒரு கொடி இருந்திருக்கிறது. வெறுமனே பாட்டுக்காகக் கூடுவது பின்னால் வந்த சுகம்.

இந்தக் கதைகளை எழுதியவர்களும் இந்த மண்ணிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி, மரண ரயிலை வைத்து ‘கையறு’ எழுதிய கோ. புண்ணியவான், லூனாசில் பிறந்த ம. நவீன், சுங்கைப் பட்டாணியின் கே. பாலமுருகன் என்று ஒரு சின்ன மாநிலத்துக்கு இத்தனை எழுத்தாளர்கள் கொஞ்சம் அதிகம்தான். பாட்டுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்துவைத்தார். அங்கே தொழிற்சங்கக் கூட்டங்களில் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் பாடித்தான் ஆள் சேர்த்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. கெடாவின் லயங்களில் யார் அடியெடுத்துக் கொடுத்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலைத் தேடினால் கிழவிகளின் நினைவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. துண்டாடல் என்ற சொல்லைச் சொன்னாலே பழைய ஆட்கள் முகம் மாறுகிறது. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பத்து பத்து வெள்ளியாகத் திரட்டி வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலிருந்த புக்கிட் சிடிம். அது ஒரு தப்பிப் பிழைத்த கதை. மற்ற பல இடங்களில் லயம் போனது. லயத்தோடு கோயில் திடலும் பெரட்டுக் களமும் போயின. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடிப் பாடிய இடங்கள் அவை. அடுக்குமாடியில் ஆறாவது மாடிப் பிள்ளைக்கு ஏழாவது மாடிப் பிள்ளையின் பெயர் தெரிவதில்லை.

முகாம் நுழைந்தது அந்த இடைவெளியில்தான். மலேசியப் பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கை கட்டாயம். சாரணர், செம்பிறை, காவல் படை என ஏதாவது ஒரு சீருடைப் பிரிவில் மாணவர்கள் சேர்ந்தாக வேண்டும். சீருடை என்றால் முகாம். முகாம் என்றால் கடைசி இரவில் தீ. ஆங்கிலப் பள்ளியின் சொத்தாக இருந்தது இப்படிச் சுற்றி வளைத்துத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

பகலில் பிள்ளைகளைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போவது எல்லா முகாமிலும் வழக்கம். மெர்போக்கில் அருங்காட்சியகமும், பக்கத்தில் நிமிர்த்திக் கட்டிய புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளமும் இருக்கின்றன. 1936–37இல் குவாரிச் வேல்ஸ் தோண்டிய இடங்கள் இந்த வட்டாரத்தில்தான். பட்டினப்பாலையில் வரும் காழகம் இதுதான் என்று உரைகாரர் சொன்னது, 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்தது, சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தது எல்லாவற்றையும் ஆசிரியர் உற்சாகமாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு அதைவிடக் காலில் ஏறிய அட்டை முக்கியம். ஒரு பையன் சோழர் படைக்கும் அட்டை கடித்திருக்குமா என்று கேட்டான். வரலாற்றாசிரியர்கள் யாரும் கேட்காத நல்ல கேள்வி.

மாலையில், முகாம் போட்டிருந்த துப்பா காட்டுக்குப் பிள்ளைகள் திரும்பினார்கள். ஜெராய் மலையின் தென்சரிவில் ஓடையும் கூடாரம் போட இடமும் உள்ள பொழுதுபோக்குக் காடு. விறகு பழைய பால்மரம். ஒரு காலத்தில் ரப்பர் சீட்டைப் புகை போடவும் லயத்து அடுப்புக்கும் இதைத்தான் எரித்தார்கள். மேசை நாற்காலி செய்யலாம் என்பது வெகு காலம் கழித்துக் கண்டுபிடித்தது. காய்ந்தால் சீராக எரியும். செம்பனை மட்டையைப் போட்டால் புகைதான் மிஞ்சும், முதல் பாட்டிலேயே பாதிப் பேருக்கு இருமல். இதில் ஆசிரியர் விட்டுக்கொடுப்பதே இல்லை. தீ பெரிதாகவும் இருக்கக் கூடாது: எதிர் வரிசையில் இருப்பவன் முகம் தெரிய வேண்டும், சுவாலை மறைக்கக் கூடாது.

நாற்பது சொச்சம் பேர். பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். நடுவில் ஒரு கஜம் வெற்றிடம். பாதிப் பேர் தமிழ்ப் பள்ளியில் படித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனவர்கள், மீதிப் பேர் தொடக்கம் முதலே மலாய்ப் பள்ளி. சில மலாய், சீன நண்பர்களும் உண்டு. “பாடத் தெரியாதுண்ணே” என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஒரு பையன் பின்வரிசைக்குப் போனான். “ஒன்ன யாரு பாடச் சொன்னா? கையத் தட்டு” என்றார் இவர்.

வரவேற்புரை எதுவும் இல்லை. ஒரு பழைய மைலோ டின்னுக்குள் பால்மரக் கொட்டைகளைப் போட்டு மூடி வைத்திருந்தார். தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கொட்டை தெரியும். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள். டின்னைக் குலுக்கத் தொடங்கினார். நான்கு எண்ணிக்கை, மூன்றாவதில் ஓர் அழுத்தம். யாரையும் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் போனது. முதலில் கால் விரல்கள் ஆடின. பிறகு இரண்டு பேர் தட்டினார்கள். வட்டம் முழுக்கக் கை சேர்ந்த பிறகே வாயைத் திறந்தார். அதுவும் பாட்டு இல்லை. ஒரு பெயர்.

“ஹார்வர்ட்டு!”

எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். பட்டாணி பாரா. ஸ்கார்புரோ. சுங்கை தூக்காங். புக்கிட் செம்பிலான். பாடாங் செராய்ப் பக்கத்து விக்டோரியா, ஹென்றியேட்டா. கோலா கெட்டில் பக்கத்து பேடினோக். எல்லாம் தோட்டப் பெயர்கள். இரண்டே ஸ்வரம்: பெயர் மேலே போகும், பதில் கீழே இறங்கும். இரண்டாவது சுற்றில் ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். தாத்தாவோ பாட்டியோ பால் வெட்டிய தோட்டம் எதுவோ அது. மலாய்ப் பையன் ஒருவன் தன் கம்பத்தின், அதாவது கிராமத்தின், பெயரைச் சொன்னான். அதற்கும் அதே முழக்கம். ஒரு பெண் விழித்தாள். பெயர் தெரியவில்லை. தட்டல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, அவள் ஓரமாகப் போய்க் கைப்பேசியில் பாட்டிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். மூன்று சுற்றுக் கழித்துப் பதில் வந்தது. தோட்டத்துப் பெயரோடு, அங்கே இருந்த கங்காணியைப் பற்றிய வசவும் சேர்ந்து. கங்காணியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் முழங்கினார்கள்.

பெரட்டில் பெயர் கூப்பிடும் முறைதான் இது. ஒரு காலத்தில் ஆள் வந்திருக்கிறானா என்று எண்ணிப் பார்க்க உதவியது, இங்கே பாட்டாகிவிட்டது. பாடத் தெரியாது என்று சொன்ன பையன் இதற்குள் நான்கு முறை பாடிவிட்டான் என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

கூட்டத்தைப் பாட வைப்பவர்கள் உலகெங்கும் இதே கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள். 1950களில் கறுப்புப் பட்டியலில் விழுந்து மேடை இழந்த அமெரிக்கப் பாடகர் பீட் சீகர், பள்ளிகளிலும் கோடை முகாம்களிலும் பாடித்தான் காலம் தள்ளினார். ஒவ்வோர் அடியையும் பாடுவதற்கு முன் வேகமாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். பாட்டுத்தாள் தேவையே இல்லை. நம் பஜனை மடங்களில் நடப்பதும் அதேதான். சென்னையில் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, இசை படிக்காத பிள்ளைகளைக்கூடப் பல மொழிகளில் சேர்ந்து பாட வைத்தார். சினிமாவுக்கு இசையமைத்தவர், அந்தப் புகழை ஓரமாக வைத்துவிட்டு ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் போனார். 1988 மார்ச்சில் அவர் காலமானதும் சேர்ந்திசைக்காகப் போயிருந்த லட்சத்தீவில்தான். தமிழ்நாட்டில் அவரை இன்னும் அதிகமாக நினைத்திருக்கலாம்.

இரண்டாவது கட்டம் மலாய்ப் பாட்டு. ‘ராசா சாயாங்’ இல்லாத முகாம் மலேசியாவில் இல்லை. அதன் பலம் பல்லவி மட்டுமில்லை. நடுவில் வரும் பந்துனை யார் வேண்டுமானாலும் இட்டுக்கட்டலாம். நான்கடி, முதல் இரண்டில் ஏதாவது ஆறு, பழம், பறவை, அடுத்த இரண்டில் சொல்ல வந்த விஷயம். யுனெஸ்கோ 2020இல் பந்துனை மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. துப்பாவில் ஒரு சீனப் பெண் சமையல் குழுவின் உப்பில்லாத சோற்றைப் பந்துனில் வைத்து வாங்க, சமையல் குழு எழுந்து பதில் பந்துன் கட்டியது. மலாய், தமிழ் இரண்டிலும். எதுகை எங்கேயோ பிசகியது, யாரும் கவலைப்படவில்லை.

அதையடுத்து டிக்கிர் பாராட். கிளந்தான் மாநிலத்துக் கலை. தொக் ஜுவாரா தொடங்கி வைக்க, துக்காங் காருட் நடப்பு விஷயங்களைக் கலந்து இட்டுக்கட்ட, அவோக் அவோக் எனும் குழு சம்மணமிட்டு உட்கார்ந்து கை வீசித் தட்டிப் பதில் பாடும். பள்ளிப் போட்டிகளில் பழகியதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி. இடுப்புக்கு மேலே மட்டும் ஆட்டம் என்பதால் கூச்சப்படும் பெண்பிள்ளைகளும் தயங்காமல் சேர்ந்துகொள்கிறார்கள். நடுவிலிருந்த அந்த ஒரு கஜம் வெற்றிடம் எப்போது மறைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

சிக்கல் சினிமாப் பாட்டில் வந்தது. பையன்கள் விடவில்லை. தொண்ணூறுகளின் பாட்டொன்றை எடுத்தார்கள், பல்லவி காடதிர்ந்தது. சரணம் வந்ததும் குரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஹம்மிங் ஆகி, நாலு பேர் சிரிப்பில் முடிந்தது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நம் சினிமாப் பாட்டு தேர்ந்த பாடகருக்காகப் போட்டது. சரணத்தில் மெட்டு மேல்ஸ்தாயிக்கு ஏறிவிடும். பெரியவர் ஒருவர் தனக்குத் தோதான சுருதியில் தொடங்கினால் பிள்ளைகளுக்கு ஒன்று கீழே மூச்சு முட்டும், இல்லை மேலே கழுத்து நரம்பு புடைக்கும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களுக்கோ குரல் உடைகிற காலம், இன்றைக்கு எட்டிய ஸ்வரம் நாளைக்கு எட்டாது. பாட்டின் உச்சி எங்கே இருக்கிறது என்று முதலில் மனத்துக்குள் பாடிப் பார்த்துவிட்டு அதற்கேற்ப அடியெடுக்க வேண்டும் என்பது ஆசிரியரின் பாடம். இரண்டு கட்டையை ஒட்டித் தொடங்கி, ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் பாட்டாக இருந்தால் எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள். சினிமாப் பாட்டை அவர் தடுப்பதில்லை. சரணத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகளையே புது அடி கட்டச் சொல்கிறார். பாட்டின் சொந்தக்காரர்கள் கேட்டால் வருத்தப்படலாம். தீயருகே காப்புரிமைக்கு அவ்வளவாக மதிப்பில்லை.

உறுமி மேளத்துக்கும் அவரிடம் ஒரு விதி உண்டு. மலேசியத் தமிழ் இளைஞர்களிடம் உறுமி மேளக் குழுக்களுக்கு இருக்கும் மோகம் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகாமில் உறுமி இல்லாவிட்டாலும் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதே அடியைக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு முன் அதற்கு அனுமதியில்லை. தோல் ஒலி எழுந்தால் குரல் அடங்கிவிடும், அப்புறம் பத்துப் பேர் அடிப்பார்கள், முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று அனுமதி கிடைத்ததும் அந்தப் பையன்கள் அடித்த அடியில் ஆசிரியரே எழுந்து ஆடியதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாமி பாட்டு? கோயில் முகாமென்றால் தேவாரத்தில்தான் தொடக்கம். கலப்பு முகாமில் மதப் பாட்டே கிடையாது. முஸ்லிம் பிள்ளைகளைத் தர்மசங்கடத்தில் நிறுத்தக் கூடாது என்பதில் எல்லா ஏற்பாட்டாளர்களும் கவனமாக இருக்கிறார்கள். பாரதி பாட்டுக்கு மட்டும் இரண்டிலும் இடமுண்டு.

பத்து மணிக்கு மேல் தீ தணலாக இறங்க, பாட்டும் இறங்கியது. ஆட்டப் பாட்டில் தொடங்கி நிதானப் பாட்டில் முடிப்பது சாரண மரபு. தீயின் போக்கிலேயே பாட்டும் போக வேண்டும் என்பார்கள். இந்தக் கட்டத்தில் உலகமெங்கும் பாடும் ‘கும்பாயா’வை 1926இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் மெழுகு உருளையில் பதிவு செய்தார் ராபர்ட் கோர்டன். கறுப்பின மக்களின் பிரார்த்தனைப் பாட்டு. முகாம் முகாமாக ஏறி இறங்கி, கடைசியில் பழகிப் பழகிக் கேலிப்பொருளாகவும் ஆகிவிட்டது. துப்பாவில் அதைப் பாடவில்லை. ஒரு பெண் தன் பாட்டி பாடும் தாலாட்டை எடுத்தாள். ராரிராரோ போன்ற அசைகள் மட்டும் எல்லாருக்கும். நடுவில் வரும் அடிகள் அவளுக்கு மட்டும். ஆசிரியர் டின்னைக் கீழே வைத்துவிட்டார். தணலில் புதைத்திருந்த மரவள்ளிக்கிழங்கைக் கிளறி எடுத்து இலையில் வைத்துச் சுற்றுக்கு விட்டது சமையல் குழு. ஜப்பான்காரன் காலத்தில் சோற்றுக்குப் பதில் தின்று தின்று வெறுத்த கிழங்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகள் மிளகாய்ச் சம்பலோடு கேட்டு வாங்கித் தின்றார்கள். சோற்றுக்கு உப்பு போடாதவர்கள் கிழங்கிலும் போடவில்லை.

மறுநாள் கூலிம். 1996இல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்கா இந்த ஊரையே மாற்றிவிட்டது. தாத்தா பால் வெட்டிய வட்டாரத்தில் பேரன் சில்லுத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறான். ஆசிரியருக்குக் கைகொடுக்கும் இளைஞர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். இரவு ஷிப்டு முடிந்து கண் சிவந்து ஒரு தமிழர் ரொட்டிக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வட்டத்தில் உட்கார்ந்து கை தட்டியவர்கள். இப்போது அடியெடுத்துக் கொடுக்கப் பழகுகிறார்கள். ஒருவனுக்குக் குரல் நன்றாக இருக்கிறது, அதுதான் அவனுடைய சங்கடம். “நீ பாடறப்ப எல்லாரும் போன எடுத்து வீடியோ புடிக்கறாங்கடா. அது நல்லதுக்கில்ல” என்றார் ஆசிரியர். பாராட்டா திட்டா என்று தெரியாமல் அவன் தே தாரேக்கைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த முகாம் சுங்கை சிடிம் ஆற்றங்கரையில், செப்டம்பர் விடுமுறையில். கெடாவில் மழை பிடிக்கும் காலம். விறகு நனைந்தால் மண்டபத்துக்குள் போக வேண்டும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் விளக்கைச் சுள்ளிகளுக்கு அடியில் வைத்துத் தீ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இதில் நால்வருக்கும் மறுப்பில்லை. வாதம் வேறு விஷயத்தில். மண்டபம் என்றால் எதிரொலிக்கும், பின்வரிசைக்குக் கேட்காது, ஆகவே புளூடூத் ஸ்பீக்கரும் கரோக்கே மைக்கும் வேண்டும் என்பது இளைஞர்கள் கட்சி. மைக் வந்தால் ஒருத்தன் பாடுவான், மற்றவன் வரிசையில் நிற்பான், அதற்கு முகாம் எதற்கு, இங்கேயே கரோக்கே கடை இருக்கிறதே என்பது இவர் கட்சி. மைலோ டின்னை இரண்டாக்கலாம் என்று சமரசம் சொன்னார். பேசி முடிவதற்குள் ரொட்டி சானாய் ஆறிவிட்டது. நால்வரில் ஒருவன் எழுந்து காசு கொடுக்கப் போகும் வழியில் திரும்பி, “ஒரே ஒரு ஸ்பீக்கர்ண்ணே, சின்னது” என்றான்.